நின்று நின்று ஓடிய ஏசி

ஓசூருக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காத விஷயம், இந்த ஊருக்கு ஏசி எதற்கு என்பதுதான். நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. எங்கள் பக்கத்தில் மத்தியான வெயிலில் செருப்பில்லாமல் வாசலில் கால் வைக்க முடியாது. இங்கேயோ சித்திரை மாதத்தில்கூட சூரியன் சாய்ந்ததும் காற்றில் ஒரு இதம் வந்துவிடும். மார்கழியில் ஸ்வெட்டர் போடாமல் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்க முடியாது. அப்படிப்பட்ட ஊரில் புதிதாக எழும்பும் கடைக் கட்டடங்கள் எல்லாம் முகம் முழுக்கக் கண்ணாடி ஒட்டிக்கொண்டு நின்றன. மொட்டைமாடியில் ஏசி இயந்திரங்கள் வரிசையாக இரைந்தன. வெளியே நல்ல காற்று சும்மா போய்க்கொண்டிருக்க, உள்ளே அதை வரவிடாமல் அடைத்துவிட்டு, கரண்ட் கொடுத்துக் குளிரை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கேள்வியே என் பிழைப்பாகிப் போகும் என்று அப்போது தெரியாது. சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மின்பராமரிப்புப் பிரிவில் சில வருஷம் இருந்தேன். ஷிப்ட் முறை ஒத்துவராமல் வேலையை விட்டபோது, ஒரு சின்ன அலுவலகத்தில் ஆள் கேட்டார்கள். கடை, ஆஸ்பத்திரி, லாட்ஜ், கல்யாண மண்டபம் என்று கட்டடம் கட்டடமாகப் போய், அங்கே கரண்ட் எதற்கெல்லாம் போகிறது என்று அளந்து, எங்கே குறைக்கலாம் என்று சொல்வது அவர்கள் தொழில். நடத்துபவர் அத்திப்பள்ளிக்காரர். வீட்டில் கன்னடம், தொழிலாளிகளிடம் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. என்னை வேலைக்கு எடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மீட்டர் காட்றதுக்கும் நீங்க நெனச்சதுக்கும் ஒத்துவரலேன்னா என்ன செய்வீங்க?"

"மறுபடி அளப்பேன் சார்."

"மறுபடியும் ஒத்துவரலேன்னா?"

"நான் நெனச்சது தப்பான்னு பார்ப்பேன்."

மறுநாளே வரச் சொன்னார்.

நான் சொல்ல வந்தது ஒரு ஜவுளிக்கடையைப் பற்றி. ஊருக்குள் பெரிய சாலையில் மேற்குப் பார்த்த கட்டடம். கீழ்த்தளம் முழுக்கப் புடவை. முதல் மாடியில் கல்யாணப் பட்டும், வாங்கிய கையோடு ரவிக்கை தைத்துக்கொடுக்கும் தையல் பகுதியும். கட்டடம் புதுசு, இயந்திரமும் புதுசு. ஆனாலும் ஏசி சரியாக வேலை செய்யவில்லை, கரண்ட் மட்டும் எக்கச்சக்கமாகப் போகிறது என்று கடை மேலாளர் எங்களைக் கூப்பிட்டிருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்து மனிதர், நெற்றியில் குங்குமம், எந்நேரமும் காதோரம் ஒரு போன். ஏசி கம்பெனி ஆள் பலமுறை வந்து பார்த்துவிட்டு, இயந்திரத்தில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போய்விட்டதாகச் சொன்னார்.

"கீழ வர்றவங்க ஐஸ்பெட்டி மாதிரி இருக்குதுன்றாங்க. மேல இருக்கிறவங்க வேகுதுன்றாங்க. ஒரே மெஷின்தான மேடம் ரெண்டு மாடிக்கும்? நான் யார் பேச்சக் கேக்கிறது?"

"நீங்க என்ன செய்றீங்க?"

"நான் என்ன செய்ய? மேல இருந்து போன் வந்தா குளிரக் கூட்டி வைப்பேன். கல்யாணப் பார்ட்டி வேத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா யாபாரம் போச்சே."

முதல் வாரம் வழக்கமாகச் செய்வதைச் செய்தோம். மெயின் பலகையில் மின்னோட்டம் பதியும் கருவியை மாட்டினோம். ஏசிக்குத் தனி, விளக்குகளுக்குத் தனி, லிஃப்டுக்குத் தனி. இந்தக் கருவி கடையை அது பாட்டுக்கு ஓடவிட்டு, விடாமல் குறித்துக்கொண்டே இருக்கும். பிறகு கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு கோடு கிடைக்கும். கட்டடத்தின் ஒரு நாள் முழுக்க அந்தக் கோட்டில் தெரியும். காலையில் விளக்கு போடுவது ஒரு படி, ஏசி எழுவது ஒரு படி, மாலைக் கூட்டத்துக்கு ஒரு மேடு, ஷட்டர் இறங்குவது ஒரு பள்ளம். எனக்கு இந்தக் கோடுகளைப் பார்ப்பதில் ஒரு ஆசை உண்டு. முன்பின் தெரியாத வீட்டு அடுப்படியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற மாதிரியான ஆசை.

இந்தக் கடையின் கோடு எனக்குப் பிடிபடவில்லை. ஏசி ஓடும் பகுதியில் நடுநடுவே யாரோ கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த மாதிரி பள்ளங்கள். இயந்திரம் திடீரென்று நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுகிறது. கடை குளிர்ந்துவிட்டால் ஏசி தானாக நிற்பது வழக்கம்தான்; ஆனால் அந்த நிறுத்தம் வெயிலோடும் கூட்டத்தோடும் பொருந்தி வரும். இங்கே நல்ல வெயில் நேரத்தில், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது நின்றது. அந்தி நேரத்தில், நிற்க வேண்டிய நேரத்தில், நிற்காமல் ஓடியது.

மின்னழுத்தம் குறைகிறதா என்று பார்த்தேன். இல்லை. மொட்டைமாடியில் இயந்திரம் சூடேறித் தானே அணைந்துகொள்கிறதா என்று, அதன் பக்கத்தில் ஒரு மத்தியானம் குடை பிடித்து உட்கார்ந்தேன். அதுவும் இல்லை. கீழிருந்து நிறுத்து என்ற உத்தரவு வந்ததும் அது சாதுவாக நின்றது. எழு என்றதும் எழுந்தது. அப்படியானால் கேள்வி, உத்தரவு கொடுப்பது யார்?

உத்தரவு கொடுப்பது சென்சார். கடையின் சூட்டை அறிந்து சொல்கிற, உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளைப் பெட்டி. கீழ்த்தளத்தில் நடுத்தூணில் அதைப் பொருத்தியிருந்தார்கள். இரண்டு மாடிக்கும் அது ஒன்றுதான். அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே எனக்கு நேரமானது. ஏனென்றால் கடை திறந்த பிறகு, அந்தத் தூணுக்கு முன்னால் ஒரு பொம்மையை நிறுத்திவிட்டார்கள். ஆளுயரப் பொம்மை, அரக்குப் பட்டு உடுத்தி, தலையில் பூ வைத்து, கழுத்தில் கவரிங் நகை. அது பளபளவென்று தெரிய வேண்டும் என்று கூரையிலிருந்து மஞ்சள் விளக்குகளை நேராக அதன் மேல் திருப்பியிருந்தார்கள். பொம்மையின் தோளுக்குப் பின்னால், அதே வெளிச்சத்தில் காய்ந்துகொண்டிருந்தது அந்த வெள்ளைப் பெட்டி.

அங்கே கையை நீட்டிப் பார்த்தேன். கதகதவென்று இருந்தது. கடைக்குள் வேறெங்கும் அந்தச் சூடு இல்லை. பாதிக் கதை அங்கேயே புரிந்துவிட்டது. விளக்கின் சூட்டைக் கடையின் சூடு என்று நம்பி, பெட்டி ஏசியை விரட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் கீழே ஐஸ்பெட்டி. ஆனால் மீதிப் பாதி இன்னும் குழம்பியது. அவ்வளவு சூட்டில் இருக்கும் பெட்டி இயந்திரத்தை நிறுத்தவே கூடாதே. ஏன் நிறுத்துகிறது?

எங்களிடம் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பதிவுக் கருவி உண்டு. வெப்பத்தையும் காற்றிலுள்ள ஈரத்தையும் சேர்த்தே பதியும். அதில் ஒன்றைப் பொம்மைக்குப் பின்னால், வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். மேலாளரிடம் மட்டும் சொன்னேன். சில நாள் கழித்து அதை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டபோது, பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏசி நின்ற ஒவ்வொரு தடவையும் தூணருகே வெப்பம் சட்டென்று இறங்கியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதே கணத்தில் ஈரம் மளமளவென்று மேலே ஏறியிருந்தது. ஏசி ஓடும் கடைக்குள் ஈரம் குறையத்தான் செய்யும். மழை பெய்த மாதிரி அது ஏறுகிறதென்றால்?

அலுவலகத்தில் சாரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"காத்து வர்ற டக்ட்லருந்து தண்ணி சொட்டுதா?"

"தூண் காஞ்சிருக்கு சார். கறைகூட இல்ல."

"மாப் போடறாங்களா?"

"தோள் உயரத்துல எப்படி சார் மாப் போடுவாங்க?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஆமேலே நோடோணா," என்றார். அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். எனக்கு அப்புறம் வரை பொறுக்கவில்லை.

மறுநாள் அலுவலகச் சட்டையும் அடையாள அட்டையும் இல்லாமல், சாதாரணப் புடவையில், கடைக்கு வாடிக்கையாளராகப் போனேன். தூணுக்கு எதிரே வெள்ளை மெத்தை விரிப்பில் புடவைகளைப் பரப்பிக் காட்டும் இடம். ஏசிக் காற்று வரும் சல்லடை நேர் மேலே. அங்கே உட்கார்ந்திருந்த விற்பனைப் பெண்கள் யூனிபார்ம் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர்களில் மூத்தவர் எனக்குப் புடவை காட்டினார். நாற்பதைத் தாண்டியவர், சிரித்த முகம், பேச்சில் ஊத்தங்கரைப் பக்கத்து வாடை. பிறகுதான் சிங்காரப்பேட்டை என்று தெரிந்தது. ஒரு புடவையை மடித்து இன்னொன்றைப் பிரிக்கும்போது விரல்களை நெட்டி முறித்து முறித்து நீட்டினார். முழங்காலை அடிக்கடி தடவிக்கொண்டார்.

நான் நீலத்தில் வேறு காட்டச் சொன்னேன். "இரும்மா, தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்று எழுந்து போனார். திரும்பி வரும்போது நேராக என்னிடம் வரவில்லை. பொம்மையிடம் போனார். அதன் முந்தானை மடிப்பைச் சரிசெய்தார், பூவை நேராக்கினார், தோளில் ஒரு தடவை தட்டிக்கொடுத்தார். எல்லாம் கடைக்காரர் செய்யும் வேலைதான். ஆனால் போகும்போது கையில் இருந்த கைக்குட்டை வரும்போது இல்லை.

அவர் உட்கார்ந்து அடுத்த நீலத்தைப் பிரித்தார். நான் புடவையைப் பார்க்கவில்லை, சல்லடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் தணிந்தது. காற்றின் கடுப்பு போனது. சுற்றியிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தாமலே ஸ்வெட்டர் கைகளை மேலே சுருட்டிவிட்டார்கள். அது எனக்கு ஒரு கச்சேரியில் எல்லோரும் ஒன்றாகத் தாளம் மாற்றியது போல இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னாம்மா சிரிக்கிற?"

நான் குரலைத் தாழ்த்தி, "கைக்குட்டைய எங்க வச்சீங்கக்கா?" என்றேன்.

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. என்னை உற்றுப் பார்த்தார். முன்பு ஏணி போட்டு ஏறிக்கொண்டிருந்தவள் நான்தான் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"நீ கரண்டு ஆபீஸ் பொண்ணுதான? மேனேஜரு அனுப்புனாரா?"

"இல்லக்கா. நானாத்தான் வந்தேன். ரெண்டு வாரமா மண்டையப் பிச்சுக்கிட்டிருந்தேன். எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

நான் கேட்ட விதத்தில் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பொம்மையின் தூசியை ஒருநாள் ஈரத்துணியால் துடைத்தாராம். துணியை அந்தப் பெட்டி மேலேயே மறந்து வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் குளிர் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தால் விளக்கு எரிகிறது. துணியை எடுத்ததும் மறுபடி குளிர் வந்தது. "நானும் மொதல்ல நம்பல. அடுத்த நாளும் வச்சிப் பாத்தேன். அதுக்கு அடுத்த நாளு வெறுந்துணி வச்சிப் பாத்தேன், நிக்கல. ஈரமா இருந்தாத்தான் நிக்குது." இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு மினுமினுப்பு வந்தது. பயந்திருந்த நேரத்திலும் அந்தச் சந்தோஷம் மறையவில்லை. ஈரத்துணி பெட்டியைக் குளிரவைக்க, கடையே குளிர்ந்துவிட்டது என்று நம்பி அது இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறது. பிறகு முழங்காலைத் தடவியபடி, "காலைலருந்து அந்தக் குளிருக்குக் கீழயே குந்தினு இருக்கணும்மா. எழுந்தா முட்டி புடிச்சிக்குது. சொல்லிருவியா?" என்றார்.

"மேல மாடிக்கு இதே மெஷின்தான்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்றேன்.

"மேலயா? மேல வேற இல்ல?"

அவருக்குத் தெரியவில்லை. அங்கிருந்து நேராக மாடி ஏறினேன்.

மேலே தையல் பகுதி மேற்குக் கண்ணாடியை ஒட்டி இருந்தது. சாய்ந்த வெயில் உள்ளே வந்து தையல் மேசை வரைக்கும் படுத்துக் கிடந்தது. நீராவி இஸ்திரிப் பெட்டி ஒன்று புகைந்தது. தலைமைத் தையல்காரர் கழுத்தில் துண்டோடு தைத்துக்கொண்டிருந்தார். தையல் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் மாதா படம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என் பேச்சைக் கேட்டதும் ஊர் கண்டுபிடித்துவிட்டார்.

"நம்ம பக்கமா நீங்க? அப்ப உங்களுக்குச் சொன்னா புரியும். தேரிக்காட்டு வெயில்ல வளந்தவன் நான். எனக்கே இங்கன வேகுது பாத்துக்கிடுங்க."

"எப்பவுமேவா அண்ணாச்சி?"

"அதான் இல்ல. நல்லாக் குளுந்துக்கிட்டே இருக்கும். திடீர்னு நின்னுரும். பட்டுத்துணி, வேர்வ பட்டா கறையாயிரும்லா? ஒடனே மேனேஜருக்குப் போன் போடுவேன். அவரும் பாவம், கூட்டி வைக்காரு. மெஷின் மோசம், வேறென்ன சொல்ல."

நான் மாடிப்படியில் பாதியில் நின்று கீழே பார்த்தேன். அந்த இடத்திலிருந்து இரண்டு தளமும் தெரியும். கீழே ஈரக் கைக்குட்டை வைக்கிறார்கள், மேலே வேகிறது. மேலிருந்து போன் வருகிறது. மேலாளர் குளிரைக் கூட்டுகிறார். கைக்குட்டை காய்ந்ததும் கீழே முன்னிலும் கடுமையாகக் குளிர்கிறது. மறுபடி கைக்குட்டை. ஒருவரை ஒருவர் பார்க்காமலே இந்த இரண்டு கூட்டமும் மாதக்கணக்கில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த மனிதர் இரண்டு பக்கமும் இழுபட்டார். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறி இல்லை. எல்லாத் தொல்லையும் ஒரு பட்டுப்பொம்மையின் மேல் விழுந்த வெளிச்சத்தில் தொடங்கியிருந்தது.

அறிக்கையில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. விளக்குச் சூடு என்று மட்டும் எழுதினால் பள்ளங்களுக்குக் காரணம் இல்லாமல் போகும். அலுவலகத்தில் சாரிடம் முழுக்கச் சொன்னேன். "நம்ம வேலை மெஷின் பத்திச் சொல்றது. ஆள் பத்திச் சொல்றது இல்ல," என்றார். கூடவே, "ஆனா மேனேஜர் கேட்டா பொய்யும் சொல்லக்கூடாது," என்றார். இரண்டும் சரிதான். இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது என்பதை அவர் சொல்லவில்லை.

கடை திறக்கும் முன், காலையில், மேலாளரைத் தூணருகே நிற்கவைத்து விளக்குகளைப் போட்டுக் காட்டினேன். பெட்டி மேல் கை வைத்துப் பார்த்தவர் அசந்துபோனார். "இந்தப் பொம்மைய நான்தான் இங்க வைக்கச் சொன்னேன்," என்றார். பிறகு நான் பயந்தபடியே கேட்டார். "சரி, நடுவுல நிக்குதே, அது எதனால?"

"பெட்டி மேல அப்பப்ப ஈரம் படுது சார்."

"ஈரமா? எங்கருந்து?"

மெத்தை விரிப்பில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்த அந்த அக்கா எழுந்து நின்றார். "நான்தான் சார் துணி வெச்சேன். இவங்கள்லாம் சின்னப் பொண்ணுங்க, இவங்களுக்குச் சம்பந்தமில்ல." மற்றப் பெண்கள் கையில் பிடித்த புடவையோடு அப்படியே நின்றார்கள்.

மேலாளர் முகம் சிவந்தது. வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சார், ஒரு உதவி. ஏசியப் போட்டுட்டு இவங்க உக்கார்ற எடத்துல நீங்க கொஞ்ச நேரம் உக்காருங்க. எனக்கு அளவு எடுக்கணும்." அளவு ஏற்கெனவே என்னிடம் இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் உட்கார்ந்தார். சல்லடைக்கு நேர் கீழே, காலை மடித்து. முதலில் போன் பேசினார். பிறகு போனை வைத்துவிட்டுக் கைகளைத் தேய்த்தார். பிறகு சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டார். பெண்கள் சிரிக்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் எழ முயன்றபோது ஒரு காலை நீட்ட முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இப்படியா இருக்குது தினமும்?"

"இது காலைல சார். சாயங்காலம் இதுக்கு மேல இருக்கும்," என்றார் அக்கா.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"சொன்னோமே சார். மெஷின் அப்பிடித்தான்னு சொல்லிட்டீங்க."

அவர் மாடிப்படியைக் கைகாட்டினார். "அங்க வேகுதுன்னு போன் வருதே. நீயும் என்னோட மேல வா," என்றார். மூன்று பேரும் மாடி ஏறினோம். தையல்காரர் அப்போதுதான் தையல் மெஷின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். அக்கா அந்தக் கண்ணாடியையும் இஸ்திரிப் பெட்டியையும் சுற்றிப் பார்த்தார். "ஐயையோ, நாங்க அங்க நிறுத்தினா இங்கயும் நின்னுடுமா?" என்று வாயில் கை வைத்தார். தையல்காரருக்கு விஷயம் விளங்கியதும் ஓவென்று சிரித்தார். "நான் மெஷினத் திட்டுனது எல்லாம் உங்களுக்கு வந்து சேந்திருக்கும்லா தாயீ!" என்றார். மேலாளரும் சிரித்துவிட்டார். கோபம் அந்தச் சிரிப்போடு போயிற்று. அக்காவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரிசெய்தது பெரிய வித்தை இல்லை. பெட்டியைத் தூணிலிருந்து எடுத்து, விளக்கும் வெயிலும் படாத சுவரில் மாட்டினோம். மேல்மாடிக்குத் தனியாக ஒரு பெட்டி. காற்றுக் குழாயில் திறந்து மூடும் தகடு வைத்து, மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று பிரித்தோம். மேற்குக் கண்ணாடிக்கு வெயிலைத் தடுக்கும் படலம் ஒட்டினோம். காலையில் கடை திறக்கும் முன்பு விசிறிகளை வைத்து ஓசூரின் குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்க ஏற்பாடு செய்தோம். என் பழைய கேள்விக்கு அந்த விசிறிகள் அரைப் பதில். மீதி அரை, சாலையின் புகையும் தூசியும். பட்டுக்கடை நாள் முழுக்கக் கதவைத் திறந்து வைக்க முடியாது என்பதை நானும் கற்றுக்கொண்டேன்.

மஞ்சள் விளக்குகளை மாற்றியதில்தான் இடறினோம். கரண்ட் குறைவாக எடுக்கிற எல்.இ.டி. போட்டோம். அது நீலம் பாய்ந்த வெளிச்சம். மாம்பழ மஞ்சள் அந்த வெளிச்சத்தில் எலுமிச்சையாகத் தெரிந்தது. ஒரு அம்மா வாங்கிப்போன புடவையை மறுநாளே கொண்டுவந்து, கலர் மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள் என்று சண்டை பிடித்தார். என் கணக்கில் அந்த விளக்கு அருமையான விளக்கு. கடைக்கு அது ஆகவில்லை. பலவிதமான விளக்குகளை வரவழைத்து, ஒவ்வொன்றின் கீழும் அக்கா புடவையைப் பிடித்துப் பார்த்து, வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்து, திரும்பி வந்து தலையாட்டினார். கடைசியில் ஒன்று தேறியது. அது கொஞ்சம் கூடுதலாகக் கரண்ட் எடுத்தது. பரவாயில்லை என்று போட்டோம்.

பிறகு மறுபடி அளந்தோம். இந்த வேலையில் எனக்கு இன்றும் வினோதமாகப் படுவது இதுதான்: செலவான கரண்ட்டை மீட்டர் காட்டும், செலவாகாமல் போனதை எந்த மீட்டரும் காட்டாது. இந்த மாற்றங்களைச் செய்யாமலிருந்தால் இந்த மாதம் எவ்வளவு போயிருக்கும் என்று, நடக்காத ஒன்றைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். முதல் மாதம் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. மேலாளர் முகம் தொங்கிவிட்டது. பிறகுதான் அது ஆடித் தள்ளுபடி மாதம் என்பது உறைத்தது. கடைக்குள் நிற்க இடமில்லாத கூட்டம். ஒவ்வொரு ஆளும் ஒரு சின்ன அடுப்பு. கூட்டத்தையும் வெயிலையும் ஒத்த நாட்களாகப் பார்த்து, பழைய நாட்களோடு பக்கத்தில் வைத்தபோது கோடு கீழே இறங்கியிருந்தது. பள்ளங்களும் போய்விட்டன.

வேலை முடிந்து கருவிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். ஸ்வெட்டர் இல்லை.

"அந்தத் தீப்பெட்டி மிஷின ஒரு நாளு எங்க வூட்டுக்கு எடுத்துனு வரியா? எங்க வூடு மத்திகிரில. பகல்ல உள்ள இருக்க முடியல. நெசமாவே அவ்ளோ சூடா, இல்ல கடையிலயே இருந்து எனக்குத்தான் அப்பிடித் தோணுதான்னு தெரியல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் ஏறிப் போனேன். வாடகைக்கு விடவென்றே கட்டிய வரிசை வீடுகள், மேலே சிமெண்ட் ஷீட். பெரும்பாலும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். கருவியை உத்தரத்துக்குக் கீழே கட்டிவிட்டோம். அடுத்த ஞாயிறு எடுத்துப் பார்த்தால் அவருக்குத் தோன்றியது அத்தனையும் உண்மை. மத்தியானம் வீட்டுக்குள் சூடு வெளியே நிழலில் இருப்பதைவிட அதிகம். கோட்டை அவருக்குக் காட்டினேன். விரலால் தொடர்ந்து போய், மேட்டின் உச்சியில் நிறுத்தினார்.

"இது முன்னாடி நான் கடைல நடுங்கினு இருந்த நேரம். இங்க எங்க வூட்டுக்காரரு நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கற நேரம்."

வீட்டு உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, ஷீட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். அவர் கணவரே ஏறி அடித்தார். மறுபடி கருவியைக் கட்டினோம். மேடு இருந்தது, ஆனால் உச்சி கொஞ்சம் மழுங்கியிருந்தது. ஏசி போட்ட மாதிரி ஆகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் கணவர், முன்பெல்லாம் மத்தியானத்தில் எழுந்து வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவதாகவும் இப்போது முழுத்தூக்கம் தூங்குவதாகவும் சொன்னார்.

பக்கத்து வீட்டுப் பெண் கன்னடம் பேசுகிறவர். இதையெல்லாம் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு மழையில் கரைந்துவிடாதா என்று அக்காவிடம் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை, கரைந்தால் எவ்வளவு கரையும் என்பதும் தெரியவில்லை என்றேன்.

"அப்ப அந்த மிஷினு இங்கயே இருக்கட்டும்," என்றார் அக்கா. "மழ வரட்டும், பாக்கலாம்."

சாரிடம் போன் போட்டு அனுமதி கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "கொடுத்துட்டு வாங்க. மழைக்கு அப்புறம் கோட்ட எனக்கும் காட்டணும்," என்றார்.